பெல்ட் ஏன் கத்துகிறது? – ஒரு குட்டி வரலாறும் ஒரு சாக்பீஸ் கோடும்

ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம், அதனால் இந்தப் பக்கம் தலைகாட்டி ரொம்ப நாளாச்சு. இன்றைக்குக் கொசுவர்த்தியைக் கொஞ்சம் பெரிதாகவே சுத்தப் போகிறேன். காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன மார்கழியில் ஒரு மூணு வாரம், நான் எத்தனை மணிக்கு ஆபீஸ் கிளம்புகிறேன் என்று எங்கள் புனே அபார்ட்மெண்டில் எல்லாருக்கும் கடிகாரம் பார்க்காமலே தெரிந்தது. சாவியைத் திருப்பினால் போதும், பானெட்டுக்குள்ளிருந்து குருவிக்கூட்டம் மாதிரி கீச் கீச் கீச் கீச். கீழ் வீட்டு மராட்டிப் பாட்டி ஒருநாள், உள்ளே நிஜமாகவே குருவி கூடு கட்டியிருக்கிறதா பார் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்ட், 1.6 லிட்டர் பெட்ரோல். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஓர் இளவட்டம். வண்டியைத் தாழ்த்தி, சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டரை மாற்றி, டிக்கி நிறைய ஸ்பீக்கரை அடுக்கி, அதற்குக் கரண்ட் பத்தாமல் வேறொரு காரின் பெரிய ஆல்டர்னேட்டரை லேத்தில் பிராக்கெட் அடித்து மாட்டியிருந்தார். நான் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்பேன். தங்கமணி "சத்தக் கார்" என்பாள். பொங்கலுக்கு இதில்தான் கோயமுத்தூர் போவதாகத் திட்டம். புனேயிலிருந்து 1200 கிலோமீட்டர் சொச்சம், வழியில் கம்பட்கி மலைப்பாதை, பின்சீட்டில் ஏழு வயது மகள்.

சத்தத்துக்காக மெக்கானிக் பையன் ஒரு பெல்ட் மாற்றினான். நாலு நாள் அமைதி, மறுபடி கீச். இன்னொரு பெல்ட், மறுபடி நாலு நாள். மூன்றாவது தடவை பானெட்டைத் திறந்தவன் அந்தப் பெரிய ஆல்டர்னேட்டரைக் காட்டி, "கம்பெனி சாமானை மாற்றினால் இப்படித்தான் சார்" என்று தீர்ப்பு எழுதிவிட்டான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்போதுதான் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால், இந்த பெல்ட் என்கிற சமாசாரம் எங்கிருந்து காருக்குள் வந்தது என்று பார்த்துவிடலாம்.

தோல் காலம்

நம்மில் பலருக்கு முதலில் தெரிந்த பெல்ட், வீட்டில் அம்மாவின் தையல் மெஷினில் ஓடிய தோல் பெல்ட்தான். மழைக்காலத்தில் தொய்ந்துபோய் வழுக்கும். கீழே சக்கரம் சுத்தும், மேலே ஊசி நகராது. அம்மா பெல்ட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார், இல்லையென்றால் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி கொக்கி மாட்டுவார். வழுக்கினால் என்ன, தொய்ந்தால் என்ன, இறுக்கினால் என்ன என்ற பெல்ட்டின் இயற்பியல் முழுக்க அதிலேயே இருக்கிறது.

அதே தோல் பெல்ட் பெரிய உருவத்தில் ஓடிய இடம் பஞ்சாலை. கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் லைன் ஷாஃப்ட், அதைச் சுத்த ஒரே ஒரு நீராவி எஞ்சின் அல்லது பெரிய மோட்டார், ஷாஃப்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தொங்கும் பட்டைத் தோல் பெல்ட். பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவைக்கு வந்த பிறகு எங்கள் ஊரில் மில்கள் மளமளவென்று பெருகின. என் அப்பாரு (அப்பாவின் அப்பா) அப்படி ஒரு மில்லில் பெல்ட் வேலை பார்த்தவர். தோலைத் தைப்பது, விளக்கெண்ணெய் விடுவது, வழுக்கினால் பிசின் பொடி தூவுவது எல்லாம் அவர் வேலை. ஓடுகிற பெல்ட்டைக் கழியால் தள்ளி மாற்றுவார்களாம். வேட்டி முனையை இழுத்துக் கட்டாமல் பக்கத்தில் போனால் ஆளையே தூக்கிவிடும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், ஓடும் மெஷின் பக்கம் போகிறவன் இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று ஒரு பிரிவே இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வேட்டிகள் சிக்கினவோ!

ஃபேன் பெல்ட் காலம்

ஆரம்பகால கார்களில் ரேடியேட்டர் ஃபேனைச் சுத்தியதும் தோல் பட்டைதான். தண்ணீர் பட்டால் வழுக்கும், எண்ணெய் பட்டால் கழன்று ஓடும். 1917-இல் அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் ரப்பரும் நூலும் சேர்த்து வி வடிவ பெல்ட்டைச் செய்தார். இதில் சூட்சுமம் அந்த வடிவம்தான். இழுக்க இழுக்க பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கி இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பட்டை பெல்ட்டை விடக் குறைந்த இழுவிசையிலேயே நிறைய வேலை செய்யும், புல்லியை விட்டு எளிதில் கழலாது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஹல் நகரில் ஜோசப் ஹென்றி ஃபென்னர் 1861-இல் தோல் பெல்ட் செய்யத் தொடங்கிய கம்பெனியின் பெயர்தான், பின்னாளில் மதுரை கோச்சடையில் செய்யப்பட்ட வி பெல்ட்டுகளில் இருந்தது. மாவு மில்லிலோ கிணற்று மோட்டாரிலோ அந்தப் பெயரைப் பார்த்திராத தமிழ்க் கிராமம் குறைவு.

அம்பாசடர், ஃபியட் காலத்து ஓட்டுநர்கள் டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட் உபரியாக வைத்திருப்பார்கள். கட்டை விரலால் அழுத்தி அரை அங்குலம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். காலையில் கீஈஈஈ என்று நீளமாக ஊளையிட்டால் ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, லிவர் போட்டு நெம்பி, இறுக்கிவிட்டால் சரி. சத்தமும் தெரியும், காரணமும் தெரியும், மருந்தும் கையிலேயே இருக்கும்.

தையல் மெஷினிலிருந்து ரேஸ் காருக்கு

இனிமேல் வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1940-களில் சிங்கர் தையல் மெஷினில் மேல் ஷாஃப்டும் கீழ் ஷாஃப்டும் கொஞ்சமும் பிசகாமல் சேர்ந்து சுத்த வேண்டியிருந்தது. தோலோ வி பெல்ட்டோ சரிப்படாது. எவ்வளவு இறுக்கினாலும் ஒரு மயிரிழை வழுக்கும், ஊசியும் நூலும் சந்திக்காது. அமெரிக்காவில் யு.எஸ். ரப்பர் குழுமத்தைச் சேர்ந்த கில்மர் கம்பெனியில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை உருவாக்கினார். சங்கிலி மாதிரி வழுக்காது, ஆனால் சங்கிலிக்கு வேண்டிய எண்ணெய் வேண்டாம், சத்தமும் கம்மி.

இதைக் காருக்குள் கொண்டுவந்தது பெரிய கார் கம்பெனி எதுவும் இல்லை. காரைக் கழற்றி மாட்டுகிற ஒரு மனிதர்! கலிஃபோர்னியாவில் பில் டெவின் என்பவர் 1954-வாக்கில் பன்ஹார்ட் என்கிற சின்ன பிரெஞ்சுக் காரின் இரண்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, அதன் மேல் நார்ட்டன் ரேஸ் பைக்கின் மேல்பாகத்தை ஏற்றினார். அப்படி ஏற்றினால் மேலே இருக்கிற கேம் ஷாஃப்டை எப்படிச் சுத்துவது? தையல் மெஷினுக்குப் பிறந்த பல் பெல்ட்டைப் போட்டார். காரில் டைமிங் பெல்ட் என்றால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். 1956-இல் டெவின் பன்ஹார்ட் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் தேசியப் பட்டத்தையும் வென்றது. கம்பெனி சாமானை மாற்றினால் இப்படியும் ஆகும் :-)

அதே காலத்தில் நேர்கோட்டுப் பந்தயக்காரர்கள், ஜி.எம்.சி டீசல் எஞ்சினின் 6-71 புளோயரைப் பெயர்த்து வந்து பெட்ரோல் எஞ்சின் தலையில் உட்கார வைத்தார்கள். அதைச் சுத்தவும் அகலமான பல் பெல்ட்தான். பல் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் நடுவில் மாட்டிய காற்று பிதுங்கி வெளியேறும், அதுவே ஒரு விசில். அந்த ஊர் ரசிகர்களுக்கு 'கில்மர் பெல்ட் விசில்' ஒரு சங்கீதம். அது கோளாறே இல்லை. ஆகவே மாடிஃபை செய்த காரில் ஒரு சத்தம் கேட்டால் முதல் கேள்வி, இந்தச் சத்தம் இந்த அமைப்புக்கே உரியதா, இல்லை புதிதாக வந்ததா என்பதுதான்.

1962-இல் ஜெர்மனியின் பவேரியாவில், ஒரு காலத்தில் விவசாய எந்திரங்கள் செய்த கிளாஸ் கம்பெனி, 1004 என்ற காரில் டைமிங் பெல்ட் வைத்துத் தொழிற்சாலை அளவில் விற்றது. 1966-இல் ஃபெராரியில் முன்பு வேலை பார்த்த லாம்ப்ரெடி வடிவமைத்த ஃபியட்டின் இரட்டை கேம் எஞ்சினும், அமெரிக்காவில் பான்டியாக்கின் ஆறு சிலிண்டர் எஞ்சினும் அதையே பின்பற்றின.

இந்தியாவில் பெருவாரியான வீடுகளுக்குள் டைமிங் பெல்ட் நுழைந்தது டிசம்பர் 1983-இல் வந்த மாருதி 800 வழியாக. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அந்த இடத்தில் இருந்தது செயின். செயின் தேய்ந்தால் கலகலவென்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் சொல்லாது. மூடிக்குள் சத்தமில்லாமல் வயதாகி ஒருநாள் அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அந்த நொடியே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எண்ணெயும் சத்தமும் இல்லாத வசதிக்கு நாம் கொடுத்த விலை, முன்னெச்சரிக்கை.

ஒரே பெல்ட் காலம்

1970-களில் கார்களில் ஏசி, பவர் ஸ்டீயரிங் என்று சாமான் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வி பெல்ட் என்றால் எஞ்சின் முன்னால் இடமே இல்லை. 1979-இல் ஃபோர்டு மஸ்டாங்கில், பாம்பு மாதிரி வளைந்து எல்லாப் புல்லிகளையும் தொட்டு வரும் ஒரே ஒரு பட்டை பெல்ட் வந்தது. உள்பக்கம் நீளவாக்கில் சின்னச் சின்ன வரிகள், ஒவ்வொன்றும் ஒரு குட்டி வி. மெல்லிசானதால் எப்படியும் வளையும், முதுகாலும் ஒரு புல்லியைச் சுத்தும், ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் தானாகவே இறுக்கிக்கொள்ளும். இன்றைக்கு நம் கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த ஜாதிதான்.

ஆனால் இது கொஞ்சம் கோபக்காரப் பெல்ட். வி பெல்ட் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். இதற்கு எல்லாப் புல்லியும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஓர் அடிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பிரச்சினை என்பது பட்டறைக் கணக்கு. கோணலாக உள்ளே வரும் வரி, பள்ளத்தின் சுவரில் உரசி உரசி இறங்கும். அதுதான் கீச்.

இப்போது சத்தத்தைப் பிரிக்கலாம்.

கீச் கீச் என்று விட்டுவிட்டு வந்து, எஞ்சின் வேகம் கூடக்கூட அதுவும் வேகமாகி, பிறகு தேய்ந்தால் புல்லி கோணல். கீஈஈஈ என்று நீளமாக, அதுவும் ஸ்டார்ட் செய்ததும், ஏசி போட்டதும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், பெல்ட் தேய்ந்திருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம். கர்ர்ர் என்ற அறைவை சத்தம் பேரிங்.

முதல் இரண்டையும் பிரிக்க, ஓடுகிற பெல்ட்டின் வரிப்பக்கத்தில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்று சில நொடியில் திரும்பி வந்தால் கோணல். தண்ணீர் பட்டதும் அதிகமானால் வழுக்கல். மாறவே இல்லையென்றால் பேரிங் பக்கம் போகலாம். (துப்பட்டா, செயின், சட்டைக் கை, குழந்தைகள் எல்லாம் பத்தடி தள்ளி. அப்பாருவின் வேட்டி விதி இன்றும் அமலில் இருக்கிறது.)

இன்னொன்று. பழைய நியோபிரீன் பெல்ட் வெடிப்பு விட்டு வயதைக் காட்டும். இப்போது வரும் ஈ.பி.டி.எம் ரப்பர் பெல்ட் அவ்வளவாக வெடிக்காது, டயர் மாதிரி தேயும். பார்ப்பதற்குப் பளபளவென்று இருப்பதால் நல்லது என்று நம்பிவிடக் கூடாது.

சாக்பீஸ்

என் காரில் தண்ணீர் பட்டதும் சத்தம் நின்றது. ஆக, கோணல். எது கோணல்? லேத் பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆல்டர்னேட்டர்தான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். பிராக்கெட்டுக்கு வாஷர் வைக்கச் சொல்லிவிட்டு, அதுவரை வாயை மூடட்டும் என்று பெல்ட் மேல் அடிக்கிற ஸ்பிரே ஒன்றையும் வாங்கி அடித்தேன். இரண்டு நாள் சுகமான அமைதி. மில் பிசின் பொடியின் பேரன் அது.

அப்பா கோவை மில் ஒன்றில் முப்பத்தி நாலு வருஷம் ஃபிட்டர். அவரைக் கூப்பிட்டு, "அப்பா, சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். ஸ்பிரே தீர்ந்து கீச் திரும்பியிருந்தது. அவர் பானெட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே கண்ணு."

மகள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவருக்குக் கேட்கவில்லை. நாம் பேசுவது கேட்கும், டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மில் சத்தத்தில் முதலில் போவது இந்த மாதிரி கீச்சுக் குரல் காதுதான் என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். மெக்கானிக்கல் படித்த எனக்கு, என் அப்பாவின் காதில் அது தெரியவில்லை.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பெல்ட்ட எத்தன தடவ மாத்துன?"

"ரெண்டு தடவைங்ப்பா."

"புள்ள அழுதா புள்ளயவா மாத்துவ? கிள்ளுறவன் யாருன்னு பாக்க வேண்டாமா?" என்றவர், மகளிடம் திரும்பி, "அம்மிணி, உன்ற சாக்பீஸ் ஒண்ணு எடுத்தா" என்றார்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். கிராங்க் புல்லி தெரிந்தது. அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வை விழுங்குவதற்காக வைத்த டேம்பர் அது. 1910-ஐ ஒட்டி லான்செஸ்டர் செய்த வேலையிலிருந்து வளர்ந்த விஷயம். அப்பாவுக்கு லான்செஸ்டர் யாரென்று தெரியாது. குடம், ரப்பர், வளையம் மூன்றையும் கடந்து நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். மில்லில் புல்லி ஷாஃப்டில் வழுக்குகிறதா என்று பார்க்க அப்படித்தான் கோடு போடுவார்களாம்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு. ஏசி போடு. ரெண்டு நிமிசம் கழிச்சு நிறுத்து."

நிறுத்தினேன். கோடு ஒடிந்திருந்தது. குடத்தில் ஒரு இடத்தில், வளையத்தில் நாலு விரல் தள்ளி. ரப்பர் விட்டுவிட்டது. வெளி வளையம் தனியாக வழுக்கிக்கொண்டே மெல்ல மெல்லப் பின்பக்கம் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் பெல்ட் கோணலாக ஓடியது.

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வளையத்தின் பின்விளிம்பு டைமிங் பெல்ட்டின் பிளாஸ்டிக் மூடியைத் தொட்டு, பிறை மாதிரி ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. சுற்றிலும் கறுப்புத் தூள். இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் போனால் உள்ளே டைமிங் பெல்ட். இந்த எஞ்சினும் வால்வும் பிஸ்டனும் மோதுகிற ஜாதிதான். கம்பட்கி ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே எஞ்சின் நின்றிருந்தால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மகளை மட்டும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

விட்டுப்போன டேம்பர் முந்தைய இளவட்டம் மாற்றியது இல்லை. கார் பிறந்தபோதே வந்த கம்பெனி சாமான். வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பெரிய ஆல்டர்னேட்டர் இழுத்த இழுப்பு அதை அவசரப்படுத்தியிருக்கலாம். ஆனால் மாற்றி மாட்டியது கண்ணில் உறுத்தியதால் நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதோடு ஸ்பிரே அடித்து, எஞ்சின் கொடுத்த ஒரே எச்சரிக்கையின் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.

புது டேம்பர் வருவதற்குப் பத்து நாள் ஆனது. டேம்பர், டைமிங் பெல்ட், டென்ஷனர், மூடி எல்லாம் சேர்த்து மாற்றினோம். பொங்கலுக்குக் குர்லா – கோவை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் கடைசி நேரத்தில் உறுதியாகி ஊர் போய்ச் சேர்ந்தோம். ஊரில் முதல் வேலையாக அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். "இந்த வயசுல எதுக்குங்க டாக்டரு" என்று வாசல் வரை மறுத்துக்கொண்டே வந்தார். உள்ளே ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் தூக்கினார். கீச்சுச் சத்தம் ஏறஏற, ரொம்ப நேரம் கை மடியிலேயே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு மெஷினில் ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிவது மட்டும் தெரிந்தது.

இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறார். போன வாரம் போனில், "வாசல்ல குருவி கத்துதுடா" என்றார். ஊரில் நிஜக் குருவி.

மக்களே, உங்கள் காரில் கீச் வந்தால் பெல்ட்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, மில்லிலோ பட்டறையிலோ வேலை பார்த்த அப்பா இருந்தால், அவருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்றும் கொஞ்சம் பாருங்கள். பெல்ட்டாவது கத்தும். இவர்கள் சொல்ல மாட்டார்கள்.